ஆணி அடித்த ஜன்னல்கள்

அந்த அறைக்குள் முதல் நாள் காலடி வைத்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர வந்த இடத்தில் வாந்தி எடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று எச்சிலை விழுங்கிவிட்டு உள்ளே போனேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மறையூரிலிருந்து மூணாறு ஏறும் பாதையில் உள்தள்ளி இருந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அப்பா அங்கே மாடியில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்து, அதே தொழிற்சாலையின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது எங்கள் வரிசையில் அதுதான் முதல் தடவை. கூடை சுமப்பதிலிருந்து தப்பித்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆபீசுக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. தேயிலையைப் பெட்டிகளில் அடைக்கும் கூடத்தின் ஒரு ஓரத்தைப் பலகையால் தடுத்து ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். பலகை கூரைவரை போகவில்லை. அந்தப் பக்கம் தேயிலை சலிக்கும்போது கிளம்பும் பஞ்சுபோன்ற தூசி தடுப்புக்கு மேலாக மிதந்து வந்து எங்கள் மேல் இறங்கும். மேசையில் விரல் வைத்தால் கோடு விழும். சோற்று டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவிவந்தால் சோற்றின் மேல் பழுப்பாக ஒரு படலம் இருக்கும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை தேநீர் வடிகட்டிய துணிபோல் ஆகிவிடும்.

மூன்று ஜன்னல்கள் இருந்தன. மூன்றும் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன. காய்ந்த தேயிலை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடுபனி உள்ளே வந்தால் சரக்கு நமுத்துப்போகும், ஏலத்தில் விலை போகாது. எங்கள் ஜன்னலைத் திறந்தால் தடுப்புக்கு மேலாகப் பனி பெட்டிக் கூடத்துக்குள் போய்விடும் என்று துரை ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் வந்த பிறகும் எஸ்டேட்டில் மேனேஜருக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது.

அந்த அறைக்குள் நாங்கள் ஐந்து பேர் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை இருந்தோம். நனைந்த கம்பளி நாற்றம், பூசணம் பிடித்த ஃபைல் நாற்றம், தலையெண்ணெய், பீடி, ஊசிப்போன கோந்து, எங்கோ கூரையிடுக்கில் செத்துக் கிடந்த எலி, எல்லாம் ஒன்றாகக் கலந்து அசையாமல் நின்றது. காற்று என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுத்தார். என் தலைக்கு நேர் மேலே, மாடியில், பெரிய பெரிய ஃபேன்கள் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கொழுந்துக்கு அடியிலிருந்து நல்ல காற்று ஊதவேண்டும், இல்லாவிட்டால் அது வெந்துபோய்க் கறுத்துவிடும் என்று அப்பா சொல்வார்.

என் சித்தி, அம்மாவின் தங்கை, பக்கத்துச் சலிப்பு அறையில் காம்பு பொறுக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் மதியம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, என்ன இப்படி வெளிறிக் கெடக்க? கொழுந்துக்கு ஃபேன் போடுதான், மனுசனுக்கு ஆணி அடிக்கான். என்ன ஆபீசோ!" என்று காறித் துப்பினாள்.

துப்புவது என்றதும் பெரிய கிளார்க்கைச் சொல்ல வேண்டும். அவர் மேசை என் மேசைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஊர். மனைவியும் பெண்ணும் அங்கே இருந்தார்கள். இவர் மட்டும் எஸ்டேட் குவார்ட்டர்சில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், என்னிடம்கூட. ஆனால் அவர் உடம்பு எனக்கு ஆகவில்லை. நாள் முழுக்க இருமுவார். காலடியில் ஒரு பால்டின், அதில் பாதி மணல். குனிந்து அதில் துப்புவார். பழுப்பும் கறுப்புமாகக் கெட்டியாக விழும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் விரல் டைப்ரைட்டர் கட்டையில் தடுமாறும். மதியம் அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது என் மேசையைத் தாண்டித்தான் போவார். நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அவர் பார்த்திருக்கிறார்.

இருபது வருஷமாக அந்தப் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்தவரின் நெஞ்சிலிருந்து வேறென்ன வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அறையின்மேல் வந்த அருவருப்பு முழுவதையும் அவர்மேல் கொண்டுபோய் வைத்தேன். அந்த மனிதரை எழுப்பிவிட்டால் அறை சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன்.

துரை வாரத்துக்கு ஒருமுறை ஆபீசுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வாசலிலேயே நின்று, செண்ட் போட்ட கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டு பேசுவார். அப்படி ஒருநாள் அவர் வந்தபோது, பெரிய கிளார்க் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, நான் எழுந்து நின்றேன்.

"சார், ஒரு வேண்டுகோள். பெரிய கிளார்க் சார் மேசைய கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லணும். பக்கத்துல உக்காந்து வேல பாக்க முடியல. இருமுறாரு, துப்புறாரு. எனக்கும் ஏதாச்சும் ஒட்டிக்குமோன்னு பயமா இருக்கு."

துரை முகத்தைச் சுளித்தார். "நாஸ்டி" என்றார். பிறகு கைக்குட்டையாலேயே ஒரு மூலையைக் காட்டினார். "அங்க போடச் சொல்லு."

அந்த மூலையில் சுவருக்குப் பின்னால் டிரையர் அடுப்பு. தேயிலை காயவைக்கும் அடுப்பு அது, விறகில் எரியும். அதன் புகைக்குழாய் எங்கள் மூலை வழியாகத்தான் கூரைக்கு ஏறியது. அன்று சாயங்காலமே மேசை நகர்ந்தது. நான் சொல்லித்தான் நகர்ந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த நாள் அவர் குழாய்ப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டார்.

"வெதுவெதுன்னு நல்லாருக்குதுங்க அம்மிணி. இந்தக் குளுருக்கு இது ஒரு பாக்கியமுங்க."

நான் தலையை ஆட்டினேன். என் மேசைக்குப் பக்கத்தில் காலியிடம் கிடைத்ததில் அன்று பாட்டுப் பாடாத குறை.

மழை பிடித்தது. ஆனி கழிந்து ஆடி வந்தது. விறகெல்லாம் நனைந்து, அடுப்பு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். தொழிற்சாலை முழுக்கப் புகைவாடைதான். ஆனால் அது எப்போதும் உள்ளதுதானே என்று யாரும் கவனிக்கவில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் மதியத்துக்குமேல் தலைவலி வர ஆரம்பித்தது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவதுபோல் ஒரு வலி. டிஸ்பென்சரிக்குப் போனால் கம்பவுண்டர் எல்லோருக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுத்தார். எனக்கு மட்டும், "இரத்தம் இல்ல, கீரை சாப்பிடு" என்று கூடுதலாக ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தலை வலிக்கவில்லை. அதையும் நாங்கள் லீவு நாளின் சுகம் என்று எடுத்துக்கொண்டோம்.

பெரிய கிளார்க் நாளுக்கு நாள் மாறினார். முகம் சிவந்து கிடந்தது, காய்ச்சல்காரனின் சிவப்பு. பதினோரு மணிக்கே கண் சொருகும். ஆள் வருகை எழுதும் மஸ்டர் புத்தகத்தில் ஒரே பேரை மூன்று வரியில் எழுதினார். ஒருநாள் என்னைப் பார்த்து, "பள்ளிக்கொடம் உட்டாச்சா?" என்று கேட்டார். தன் மகள் என்று நினைத்துவிட்டார். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"காலைலயே ஊத்திக்கிட்டு வந்துருறாரு" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

நானும் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு ஆசையாகவும் இருந்தது. ஒருநாள் கையெழுத்து வாங்கும் சாக்கில் அவர் பக்கம் குனிந்து மோந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை. புகைவாடைதான் இருந்தது. ஏதாவது தின்று வாடையை மறைத்திருப்பார் என்று முடிவு செய்தேன். இப்போது நினைத்தால் அந்த மூக்கை அறுத்து எறியலாம்போல் இருக்கிறது.

ஆடி பாதியில் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணி இருக்கும். மற்ற மூன்று பேரும் பெட்டிகள் எண்ணச் சரக்கு அறைக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தலை பிளந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. மூலையில் பொத்தென்று சத்தம். திரும்பினால் பெரிய கிளார்க்கின் தலை மேசையில் கிடந்தது. வாயோரம் வாந்தி வழிந்து மஸ்டர் புத்தகத்தில் பரவி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

நான் முதலில் செய்த காரியத்தை மறைக்க மாட்டேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனேன். "சீ" என்றேன். அது என் வாயிலிருந்து வந்ததுதான்.

இரண்டடிக்குமேல் என்னால் போக முடியவில்லை. கால் துணிபோல் துவண்டது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பயம் வந்தது. நான் குடிக்கவில்லையே, எனக்கு ஏன் இப்படி ஆகிறது?

"சித்தி!" என்று கத்தினேன். குரல் எழும்பவில்லை. கையில் அகப்பட்ட நாற்காலியைத் தள்ளிவிட்டேன். அது பலகைத் தடுப்பில் போய் மோதியது.

சித்தி எட்டிப் பார்த்தாள். என்னையும் அவரையும் பார்த்தாள். "எம்மா, செத்தாளே!" என்று அலறிக்கொண்டு திரும்பி ஓடியவள், பெட்டி அடிக்கிறவர்களின் சுத்தியலோடு வந்தாள். அதன் பின்பக்கம் ஆணி பிடுங்கப் பிளந்திருக்கும். ஆணியெல்லாம் துருப்பிடித்து மரத்தோடு மரமாக இறுகியிருந்தது. ஒன்றுகூட வரவில்லை. "போடா போ" என்று சொல்லிவிட்டு, சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக் கண்ணாடியை அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று ஜன்னலும் போயிற்று.

மழையும் பனியும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. அந்தக் குளிர்காற்று நெஞ்சுக்குள் இறங்கியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. பெட்டி அடிக்கும் ஆட்கள் இரண்டு பேர் பெரிய கிளார்க்கைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே மழையில் கிடத்தினார்கள். வெகுநேரம் கழித்து அவர் முனகினார்.

தொழிற்சாலை ஃபிட்டர், மலையாளி, பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு மூலைக்குப் போனார். குழாயின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இணைப்பில் ஒரு வெடிப்பு இருந்தது. என் விரல் நுழையும் அகலம். அதன் மேல் பூசிய மண் காய்ந்து உதிர்ந்து கிடந்தது.

"மேட மாசமே, உங்க சித்திரையில, நான் சொன்னதல்லே" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "புதுக் குழாய் வேணும்னு. மழை கழியட்டும், இப்போ மண்ணு தேய்ச்சு விடுன்னு துரை பறஞ்சார். நான் தேய்ச்சேன்."

ஜீப்பில் வைத்துப் பெரிய கிளார்க்கை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன், பின்சீட்டில் அவர் காலடியில். அங்கிருந்த டாக்டர் என்னிடம்தான் எல்லாம் கேட்டார். எங்கே உட்கார்ந்திருந்தார், ஜன்னல் திறந்திருந்ததா, உனக்கும் தலை வலிக்குமா, ஞாயிற்றுக்கிழமை வலிக்குமா. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"இது குடி இல்லம்மா. கரிப்புகை. அதுல இருக்கிற விஷத்துக்கு நிறமும் கிடையாது, நாத்தமும் கிடையாது. மூடின ரூம்ல சேர்ந்துக்கிட்டே இருக்கும். இவரு அந்தக் குழாய்ப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரா? யாரு உக்கார வச்சா?"

வராந்தாவுக்கு வந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினேன். புகையினால் வந்தது என்று நர்ஸ் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மூன்றாவது நாள் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். மேல் ஆபீசுக்கு ஒரு கடிதம் போக வேண்டும், தான் சொல்லச் சொல்ல அடி என்றார். அகலமான வராந்தா, நான்கு பக்கமும் திறந்த ஜன்னல், சவுக்கு மரக் காற்று. பெரிய கிளார்க் சில வாரங்களாகவே குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாகவும், அன்று அளவு மீறி மயங்கி விழுந்ததாகவும், உடன் வேலை செய்தவர்கள் முன்பே அவரைப் பற்றிப் புகார் செய்திருந்ததாகவும் இங்கிலீஷில் சொன்னார். புகார் என்ற இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதானே வந்து சொன்னே?"

"அது குடிச்சதுக்கு இல்ல சார். இருமினதுக்கு…"

"ரெண்டும் ஒண்ணுதான். அடி."

அடித்தேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. என் அருவருப்பை எடுத்து அந்த ஆள் தன் கைக்குட்டைபோல் மடித்து உபயோகித்துக்கொண்டார். நான் கொடுத்தேன் என்பதால்தான் அவருக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சித்தி வந்து கேட்டபோது சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "தொரையோட ஜன்னல் கண்ணாடிய நான் உடச்சேன். நீ என்னத்த உடச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து, தொழிற்சாலைகளைச் சோதிக்கும் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் வருவது இரண்டு நாள் முன்பே தெரியும். அன்று காலையில் தச்சர் வந்து ஆணிகளைப் பிடுங்கி, சித்தி உடைத்த மறுநாளே புதுக் கண்ணாடி போட்டிருந்த ஜன்னல்களை விரியத் திறந்து வைத்தார். மறுபடி மண் பூசி வைத்திருந்த குழாய்க்கு வெள்ளையடித்தார்கள். தரையெல்லாம் ஃபினாயில். துப்புகிற டின் காணாமல் போயிற்று. துரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கைக்குட்டை இல்லாமல் அறைக்குள் நடந்தார்.

இன்ஸ்பெக்டர் மலையாளம் கலந்த தமிழில் பொதுவாகக் கேட்டார். "ஜன்னல் எப்போழும் இதுபோல திறந்திருக்குமா?"

பக்கத்து மேசைக்காரர் "ஆமா சார்" என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஃபினாயில் வாடைக்கடியில் பழைய நாற்றம் இன்னும் இருந்தது. அது என் தொண்டையில் ஏறியது.

"இல்ல சார்" என்றேன். "ஆணி அடிச்சிருந்துச்சு. இன்னைக்குக் காலைலதான் பிடுங்குனாங்க. அந்தச் சட்டத்துல ஓட்டை இருக்கு, பாருங்க. குழாய்ல வெள்ளைக்கு அடியில வெடிப்பு இருக்கு. பெரிய கிளார்க் சார் குடிக்கல சார். ஆஸ்பத்திரி டாக்டரைக் கேளுங்க. குடிச்சாருன்னு கடிதம் அடிச்சது நான்தான்."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். இன்ஸ்பெக்டர் ஜன்னல் சட்டத்தில் விரலால் தடவினார். ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு துரையோடு பங்களாவுக்குத் தேநீர் சாப்பிடப் போனார். அவ்வளவுதான், எல்லாம் அந்தத் தேநீரோடு கரைந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. ஐப்பசிக்குள் புதுக் குழாய் வந்தது. பலகைத் தடுப்பைக் கூரைவரை ஏற்றினார்கள். ஜன்னல்களைத் திறக்கலாம் என்று உத்தரவும் வந்தது. பெரிய கிளார்க்கைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை. குடித்ததாக எழுதியது எழுதியபடி நின்றது. அவர் திரும்பி வரவுமில்லை. என்னைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை, சாரல் அடிக்கும். அது தண்டனை என்று துரை நினைத்தார். தலைவலி அன்றோடு போயிற்று.

தை மாதம் லீவு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். உடுமலை இறங்கி, பொள்ளாச்சி போய், அங்கிருந்து கோவிந்தாபுரம் பஸ். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருமல் குறைந்திருந்தது. ஆனால் கை நடுங்கியது. தம்ளரை அவர் மனைவிதான் வாயருகே பிடித்துக் கொடுத்தார். என்னைத் தெரிந்துகொள்ள அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"வாங்க அம்மிணி. இத்தன தூரம் வந்தீங்களாக்கு" என்றார். முகம் மலர்ந்தது. மனைவியிடம், "ஆபீசுல எம் பக்கத்துல இருந்த புள்ள. நல்ல புள்ள" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நானே துரையிடம் சொல்லி அவர் மேசையை அந்த மூலைக்கு மாற்றியதைச் சொன்னேன். ஏன் மாற்றச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். கடிதம் அடித்ததையும் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "இல்லீங்க அம்மிணி. நானில்லீங்களா கேட்டேன்? குளுருதுங்க, அந்தப் பக்கம் போட்டுக்குடுங்கன்னு நாந்தான் தொரைகிட்ட கேட்டேன். உங்களுக்கு மறந்துபோச்சுங்க."

புகை அவர் நினைவைத் தின்றுவிட்டதா, அல்லது தெரிந்தே என்னை விடுவிக்கிறாரா என்று அவர் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நொடியில் எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதை உணர்ந்ததும் என்மேலேயே எனக்குக் குமட்டியது.

அவர் மனைவி எனக்காக மோர் கலந்துகொண்டு வந்திருந்தார். நான் சொன்னதெல்லாம் அந்த அம்மாளின் காதில் விழுந்திருந்தது. தம்ளரை என் கையில் தரவில்லை. கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை.